டிக்கெட் வெளுத்தது, காதில் ரீங்காரம்: ராக் ரசிகர் கேள்வி–பதில்

ஒரே ராக் பேண்டை இருபது, முப்பது, நாற்பது வருடம் விடாமல் பின்தொடர்ந்தவர்களின் கேள்விகள் இந்த இதழில். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். 'என் பேண்ட் பெரிதா, அவன் பேண்ட் பெரிதா' என்று பஞ்சாயத்துக்கு வந்த கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டோம், மன்னிக்கவும்.

கேள்வி: 1983 முதல் 1995 வரை கூட்டத்துக்குள் நின்று நானே பதிவு செய்த கேசட்டுகள் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். யு.எஸ்.பி. கேசட் பிளேயர் ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அந்தச் சின்னப் பிளேயர்களில் மோட்டார் வேகம் ஆடும், நாடாவைப் படிக்கும் ஹெட் மலிவானது, பதிவு அளவைக் கூட்டிக் குறைக்க வழி இருக்காது. ஒரு கேசட்டை ஓட்டிக் கேட்க அது சரி. எழுபது கேசட்டுக்கு, பெல்ட் மாற்றிச் சரிபார்த்த பழைய கேசட் டெக் ஒன்றும், லைன்-இன் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் வேண்டும். டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன்-இன்னுக்கு வயர் போக வேண்டும். ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்குக் கொடுத்தால் ஒலி கரகரக்கும், பிறகு சரி செய்ய முடியாது.

முதலில் கேசட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபெல்ட் திண்டு தெரிகிறதா? அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். அப்போது நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடுவதுதான் வழி. ஐந்து திருகு உள்ள கூடு என்றால் திறப்பது சுலபம். ஒட்டி மூடிய கூடு என்றால் விளிம்பில் கத்தியால் பிளக்க வேண்டும். நாடா அறுந்திருந்தால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்டுங்கள். சாதாரண செலோ டேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள். நல்ல டெக்கில் போட்டால் மற்றவற்றுக்கும் பரவும்.

பிளே செய்வதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னோக்கி ஓட்டி, முழுக்கத் திருப்பி வாருங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். இந்த ஓட்டம் அதைத் தளர்த்தும். 120 நிமிடம் ஓடும் சி-120 கேசட்டுகளில் மட்டும் வேகமாக ஓட்டுவதைக் குறையுங்கள். அந்த நாடா மிக மெல்லியது, இழுபடும், ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை ஹெட்டையும், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

இனி வருவதுதான் பலரும் தாண்டிப் போகும் படி: அசிமுத், அதாவது நாடாவின் மேல் ஹெட் நிற்கும் கோணம். பதிவு செய்த கருவியின் ஹெட் இம்மி அளவு சாய்ந்திருந்தாலும், வேறு டெக்கில் கேட்கும்போது சிம்பலின் கூர்மை காணாமல் போய்விடும். பிளே ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெல்லத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவில் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சிம்பல் எந்த இடத்தில் மிகக் கூர்மையாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் நீங்கள் இடையில் ரெக்கார்டரை மாற்றியிருப்பீர்கள். அசிமுத்தைச் சரி செய்த பிறகுதான், நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பியைத் தொட வேண்டும். உறையில் 'டால்பி பி' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், அது நிறுவனம் அச்சடித்தது. டால்பியைப் போட்டதும் ஒலி மூடினாற்போல் மங்கி, உயர் ஒலிகள் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கினால், டால்பி இல்லாமல் பதிவானது என்று பொருள்.

பதிவு அமைப்பு: 24 பிட். சர்வதேச ஒலிக் காப்பகச் சங்கமான ஐயாசா குறைந்தபட்சமாகச் சொல்வது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பரிந்துரைப்பது 96. கூட்டத்துக்குள் பதிவான கேசட்டுக்கு 48 தாராளம் என்பது எங்கள் கருத்து. 96-இல் எடுத்தால் 90 நிமிடக் கேசட் சுமார் 3.1 ஜிபி, 48-இல் அதில் பாதி. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். தாண்டிச் சிதைந்த கைதட்டலை மீட்க வழி இல்லை. ஃபிளாக் கோப்பாகச் சேமித்தால் தரம் குறையாமல் இடம் குறையும். இரைச்சலை நீக்கும் வேலையை மூலக் கோப்பில் செய்யவே கூடாது, நகலில் மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: ஆண்டு-மாதம்-நாள், ஊர், கேசட் எண், பக்கம். அப்படி வைத்தால் கம்ப்யூட்டரே கால வரிசையில் அடுக்கிவிடும். மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

எல்லாம் நிகழ்நேரத்தில் ஓட வேண்டியவை. எழுபது கேசட், தலா 90 நிமிடம் என்றால் 105 மணி நேரம். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் பக்கம் 'பி'யைத் திருப்ப மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஏற்றிவிட்டேன். ஆனால் பாட்டுகள் எல்லாம் அரைச் சுருதி ஏறிக் கேட்கின்றன. கடைசிப் பாடலில் பாடகர் குழந்தைக் குரலில் பாடுகிறார்!

பதில்: போகப் போக ஏறுகிறது என்றால், பதிவு செய்தபோது பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. ரெக்கார்டர் மெதுவாகச் சுழன்று பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி உயரும். ஒரே எண்ணால் முழுவதையும் திருத்தினால் தொடக்கம் கெட்டுவிடும். பாட்டுக்குப் பாட்டு அளந்து, வளைவாகத் திருத்த வேண்டும்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் ஏறியிருந்தால் வேலை எளிது. அரைச் சுருதி என்பது வேகத்தில் சுமார் 6 சதவீதம். ஆனால் கை வைப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பேண்ட் மேடையில் எந்தச் சுருதியில் வாசித்தது? கிட்டாரை அரைச் சுருதி இறக்கிக் கட்டும் பேண்டுகள் ஏராளம். ஆல்பத்தோடு ஒப்பிட்டு 'திருத்தினால்' சரியாக இருந்த கேசட்டையும் பிழையாக்கிவிடுவீர்கள்.

பொய் சொல்லாத சாட்சிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஹார்மோனிகா. அதன் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. இரண்டு, மின்சாரத்தின் முனகல். பாட்டுக்கு நடுவே அமைதியான இடத்தில் ஆம்ப்களிலிருந்து ஒரு மெல்லிய 'உம்ம்' வரும். ஐரோப்பாவில் அது 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. அவற்றின் இரு மடங்கிலும் தெரியும். ஸ்பெக்ட்ரம் காட்டும் எந்த மென்பொருளிலும் அதைப் பார்க்கலாம். 100-இல் நிற்க வேண்டிய கோடு 104-இல் நின்றால், கேசட் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. திருத்தும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை ட்ரம்ஸைக் குழைத்துவிடும்.

கேள்வி: உறை இல்லாத, தேதி இல்லாத கேசட் ஒன்று. எந்தக் கச்சேரி என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், பொறுமை இருந்தால். முதலில் பாடல் வரிசையை நிறுத்தம், முன்னிசை, அறிமுகப் பேச்சு எதையும் விடாமல் எழுதுங்கள். அதில் மிகப் புதிய பாடல் எது என்று பாருங்கள். அது வெளிவந்த ஆண்டு உங்கள் கீழெல்லை, ஆனால் கறாரான எல்லை அல்ல. பல பேண்டுகள் ஆல்பத்துக்கு முன்பே மேடையில் வாசித்துப் பார்க்கும். கேசட்டின் பிராண்டும் மாடலும்கூடக் கீழெல்லையை மட்டுமே காட்டும். 1986-இல் வந்த மாடலில் 1984 கச்சேரி இருந்தால், அது யாரோ எடுத்த நகல்.

அடுத்து, பாட்டுகளுக்கு நடுவே பாடகர் பேசும் பேச்சு. 'நேற்று ராத்திரி', 'இது எங்கள் கடைசி நாள்', ட்ரம்மருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, அன்றைய பந்தாட்ட முடிவு என எல்லாமே தடயம். பாட்டு பாதியில் அறுந்தால் அங்கேதான் பக்கம் மாறியிருக்கிறது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கமான 45 நிமிடத்தில் அறுந்திருந்தால் உங்கள் கையில் இருப்பது மூலமாக இருக்கலாம். 38-இல் அறுந்திருந்தால் மூலம் வேறு ஏதோ நீளமுள்ள நாடாவில் பதிவானது.

இப்படிச் சுருக்கி மூன்று நான்கு தேதிகளுக்கு வந்துவிட்டால், அந்தத் தேதிகளின் வேறு பதிவுகளைத் தேடி அருகருகே ஓட்டுங்கள். ஒரே சுற்றுப்பயணத்தில் பாடல் வரிசை இரவுக்கு இரவு ஒன்றாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் சரணத்தில் கிட்டாரிஸ்ட் தவறவிட்ட ஒரு ஸ்வரம் ஒன்றாக இருக்காது. அது பொருந்தினால் வழக்கு முடிந்தது. பழைய திருட்டு எல்.பி.க்களின் அட்டையில் இருக்கும் ஊரையும் தேதியையும் மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அவற்றில் வேண்டுமென்றே மாற்றி அச்சிட்டவையும் உண்டு, அறியாமல் மாற்றியவையும் உண்டு.

கேள்வி: நான் நேரில் பார்த்த கச்சேரியே லைவ் ஆல்பமாக வந்தது. நான் கேட்ட வரிசை வேறு, ஆல்பத்தில் உள்ள வரிசை வேறு. எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: வயதாகியிருக்கலாம், ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் மேல் தப்பு இருக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ராக் பேண்டான தி ஹூ 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை வாசித்தது. அந்த ஆண்டு வந்த 'லைவ் அட் லீட்ஸ்' எல்.பி.யில் இருந்தவை ஆறு. 2001-இல் விரிவான பதிப்பு வந்தபோதும், மேடையில் நடுவில் வாசித்த 'டாமி' (ஒரே கதையைச் சொல்லும் பாடல் தொகுப்பு) பகுதியை எடுத்துத் தனியாக இரண்டாம் தட்டில் வைத்தார்கள். அன்று அங்கே இருந்த ஒருவர் தன் நினைவை அந்த சி.டி.யோடு ஒப்பிட்டால் தன்னையே சந்தேகிப்பார்.

அடுத்த நாள் ஹல் நகரக் கச்சேரியையும் பதிவு செய்தார்கள். தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் பாஸ் கிட்டார் பதிவாகவில்லை. பிற்காலத்தில் வெளியிட்டபோது லீட்ஸ் இரவின் பாஸை எடுத்து அதில் பொருத்தினார்கள். ஆக, லைவ் ஆல்பம் என்பது நடந்ததன் சாட்சி அல்ல, நடந்ததிலிருந்து செய்த ஒரு பொருள். டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' 1972 ஆகஸ்டில் மூன்று இரவுகளில் பதிவானது. ஒரே இரவாக நினைத்துக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐம்பது முறை கேட்ட லைவ் ஆல்பம், ஒரே ஒருமுறை பார்த்த கச்சேரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக எந்தப் பாடலை வாசித்தார்கள் என்று நண்பரோடு சண்டை வந்தால், இருவரும் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். பேசிக்கொண்டே நினைவுகூர்ந்தால் குரல் உயர்ந்தவரின் நினைவுதான் இருவருக்கும் நினைவாகிவிடும்.

கேள்வி: தொண்ணூறுகளின் டிக்கெட்டுகள் வெளுத்துப் போகின்றன. லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது! அவற்றில் பல தெர்மல் தாளில் அச்சானவை, மையே கிடையாது. தாளின் மேல் பூச்சு சூட்டில் கருத்துத்தான் எழுத்தாகத் தெரிகிறது. சூடான லேமினேஷன் உருளைக்குள் விட்டால் டிக்கெட் முழுவதும் கருத்து வெளியே வரும். சந்தேகம் இருந்தால், டிக்கெட்டின் வெறுமையான ஓரத்தை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்தால் அது தெர்மல்.

தெர்மல் எழுத்தை அழிப்பவை வெளிச்சம், சூடு, ஆல்கஹால், பசை, பிறகு பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் மிருதுவாக்கி. மணம் வீசும், தொட்டால் பிசுபிசுக்கும் மலிவு ஆல்ப உறை என்றால் அது பி.வி.சி.யாக இருக்க வாய்ப்பு அதிகம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை வாங்குங்கள். ஒட்டும் பக்கமுள்ள பழைய போட்டோ ஆல்பங்கள் அதைவிட மோசம்.

ஆனால் உறைக்கு முன் ஸ்கேன். 600 டிபிஐ, கறுப்பு வெள்ளையாக அல்ல, வண்ணத்தில், டிஃப் கோப்பாக, இரண்டு பக்கமும். மங்கிய எழுத்து பழுப்பு மஞ்சளாக மாறியிருக்கும். படத்தைத் திருத்தும் மென்பொருளில் நீலச் சேனலை மட்டும் தனியே பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத வரிசை எண்ணும் பல நேரம் எழுந்து வரும். சூடு காட்டி எழுத்தை மீட்கலாம் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அது ஒருமுறைதான் வேலை செய்யும், அதுவும் செய்தால்தான். ஸ்கேன் எடுக்காமல் முயலாதீர்கள்.

இன்னொன்று: டிக்கெட்டில் இருக்கும் தேதி, கச்சேரி நடந்த தேதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தள்ளிப்போன கச்சேரிக்குப் பழைய டிக்கெட்டே செல்லும். பின்பக்கம் பென்சிலால் உண்மைத் தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: மேடையிலிருந்து கிடைத்த செட்லிஸ்ட் (பாடல் வரிசை) தாளில் கருப்பு காஃபர் டேப் (மேடையில் ஒட்டப் பயன்படும் துணி டேப்) ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடட்டுமா?

பதில்: விட்டுவிடுங்கள். அந்த டேப்தான் அது மேடைத் தரையில் கிடந்தது என்பதற்கு அடையாளம். உரித்தால் தாளும் சேர்ந்து வரும். டேப் மற்ற தாளில் ஒட்டாமல் இருக்க சிலிக்கோன் பூசிய தாள் ஒன்றை இடையே வைத்து, தட்டையாக, இருட்டில் வையுங்கள். மார்க்கரில் போட்ட கையெழுத்து இருந்தால் சுவரில் மாட்டுவதற்கு நகலை மட்டும் பயன்படுத்துங்கள். தாளில் இருப்பது திட்டமிட்ட வரிசைதான். மேடையில் வாசித்தது வேறாக இருக்கலாம்.

கேள்வி: எண்பதுகளின் சுற்றுப்பயண டி-ஷர்ட்டுகளை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: உடுத்துவதா, வைத்துக்கொள்வதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் நடக்காது. உடுத்துவதென்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். அச்சின் மேல் இஸ்திரி படக் கூடாது. அந்த மை பிளாஸ்டிசால். சூட்டில் இளகும், உலர்த்தும் இயந்திரத்தில் வெடிக்கும். வைத்துக்கொள்வதென்றால் ஹேங்கர் வேண்டாம், தோள் இழுபடும். அச்சும் அச்சும் முகம் பார்க்காதபடி நடுவே அமிலமற்ற டிஷ்யூ தாள் வைத்து மடியுங்கள். இல்லாவிட்டால் கோடையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பழைய கருப்பு டி-ஷர்ட்டுகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. கந்தகக் கருப்புச் சாயம் ஈரத்திலும் காலத்திலும் சிதைந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பருத்தி இழையைத் தின்றுவிடும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், ஆனால் விரலால் இழுத்தால் காகிதம்போல் கிழியும். வாங்குவதாக இருந்தால் கீழ்மடிப்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். மட்கியதை மீட்க வழியில்லை.

போலியைக் கண்டுபிடிக்கக் கீழ்மடிப்பிலும் கைமடிப்பிலும் ஒற்றைத் தையலா என்று பார்ப்பது வழக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அது பரவலாக இருந்தது. ஆனால் இப்போது போலி செய்பவர்களுக்கும் ஒற்றைத் தையல் போடத் தெரியும். அச்சில் உள்ள காப்புரிமை ஆண்டு ஓவியத்தின் ஆண்டு, துணியின் ஆண்டு அல்ல. முதுகில் உள்ள ஊர்ப் பட்டியலும் அப்படித்தான். ரத்தான கச்சேரிகளும் அதில் கம்பீரமாக அச்சாகியிருக்கும்.

கேள்வி: கச்சேரி முடிந்தால் இரண்டு நாள் காதில் ரீங்காரம் இருக்கும், பிறகு போய்விடும். இப்போது போவதே இல்லை. இயர் பிளக் வைத்தால் பாட்டுக் கெட்டுவிடாதா?

பதில்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லி விட்டுவிட முடியாது. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். 103 டெசிபலில் ஏழரை நிமிடம். ராக் கச்சேரி இந்த அளவில் இரண்டரை மணி நேரம் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அதையும் கவசம் இல்லாமல் முழுக் கச்சேரிக்கும் தாங்கக்கூடியதாக நினைக்க வேண்டாம்.

பாட்டுக் கெடுவது மஞ்சள் நுரை பிளக்கில். அது உயர் ஒலிகளை அதிகமாகவும் பாஸைக் குறைவாகவும் தடுக்கும், அதனால்தான் அடுத்த அறையில் நடப்பதுபோல் கேட்கிறது. இசைக் கலைஞர்களுக்கான வடிகட்டி பிளக்குகள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். 15 டெசிபல் குறைக்கும் வடிகட்டியோடு 103 டெசிபலில் நின்றால் காதுக்குள் போவது 88. கணக்கின்படி 4 மணி நேரம். ஆனால் அந்த எண் ஆய்வகத்தின் எண். சரியாகப் பொருந்தாத பிளக்கில் அதில் பாதிகூடக் கிடைக்காது. காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள். உங்கள் சொந்தக் குரல் உள்ளே முழங்கினால் பொருந்திவிட்டது. நுரை பிளக்தான் கையில் இருக்கிறது என்றால், மெல்லிய குச்சியாக உருட்டி, செருகி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். முதல் பாட்டுக்கு முன்பே போடுங்கள். நடுவில் போட்டால் ஒலி 'செத்துப்போன'தாகத் தோன்றி, கழற்றிவிடுவீர்கள். தொடக்கத்திலிருந்தே போட்டால் இரண்டு பாட்டில் காது பழகிவிடும்.

உங்கள் ரீங்காரத்துக்கு ஆடியோகிராம் (கேட்புத் திறன் சோதனை வரைபடம்) எடுங்கள். சத்தத்தால் வந்த பாதிப்பு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள், பெரும்பாலும் 4000 அருகே பள்ளமாகத் தெரியும். ரீங்காரத்தை நிறுத்தும் மாத்திரை கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். கேட்புக்கருவி, பின்னணி ஒலி, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஆகியவை அதன் தொல்லையைக் குறைக்கின்றன. ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டாலோ கேட்காமல் போனாலோ அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். அதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

ஏற்கனவே கேட்புக்கருவி போடுபவர்கள், கருவியைப் பொருத்துபவரிடம் இசைக்கென்று தனி நிரல் கேளுங்கள். பேச்சுக்கான நிரலில், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் செயலும் விசில் தடுப்பும் சேர்ந்து கிட்டாரைக் கிழிந்த தகரமாக்கும். அணைத்து வைத்த கேட்புக்கருவி இயர் பிளக் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அறுபது வயதாகிறது. முன்வரிசைக் கம்பியைப் பிடித்து நிற்கும் ஆசை விடவில்லை. எங்கே நிற்கலாம்?

பதில்: பார்க்க வேண்டுமா, கேட்க வேண்டுமா? கம்பியருகே நீங்கள் கேட்பது மேடைக்கு அடியில் உள்ள சப்-ஊஃபரையும் மேடை ஆம்ப்களையும்தான். பெரிய ஸ்பீக்கர்கள் தலைக்கு மேலே தாண்டிப் பேசிக்கொண்டிருக்கும். பாடகரின் குரல் அடங்கியே வரும். சவுண்ட் இன்ஜினியர் தன் மிக்சிங் டெஸ்க் இருக்கும் இடத்தில் கேட்டுத்தான் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். அதன் முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள். சாய்ந்துகொள்ள அதன் வேலியும் கிடைக்கும். பால்கனிக்கு அடியில் ஒலி மங்கும், பின்சுவரை ஒட்டினால் பாஸ் குவியும். ஒலி நொடிக்கு 343 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் ட்ரம் குச்சி விழுவதைப் பார்த்துப் பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் அடி கேட்கும். அதற்கு மேல் பின்னால் போனால் இந்த இடைவெளி கண்ணை உறுத்தும்.

ஆசை தீரவில்லை என்றால், கம்பியின் நடுவை விட்டுவிட்டுப் பக்கவாட்டு முனையில் நில்லுங்கள். கூட்டத்தின் தள்ளு நடுவில்தான் அழுத்தும், வெளியேறும் வழியும் பக்கத்தில்தான் இருக்கும். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ கச்சேரிக்கு முன் வாசலில் நசுங்கி 11 பேர் இறந்தார்கள். இருக்கை எண் இல்லாத டிக்கெட், சில கதவுகள் மட்டுமே திறந்திருந்தது, உள்ளே கேட்ட ஒலிச் சோதனையைக் கச்சேரி தொடங்கிவிட்டதாக நினைத்த கூட்டம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன் 9 பேர் இறந்தார்கள். கையை முகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை, உங்கள் கால் தீர்மானிக்காமலே உடல் நகர்கிறது என்றால், பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் அப்போதே வெளியேறுங்கள். குத்துச்சண்டைக்காரரைப்போல் இரு கையையும் மார்புக்கு முன் வையுங்கள், மூச்சுக்கு இடம் இருக்கும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள்.

கேள்வி: பதிவு நான் செய்தது. இணையத்தில் போட எனக்கு உரிமை உண்டுதானே?

பதில்: நாடா உங்களுடையது, வாசித்தது அவர்கள். பேண்டின் கொள்கையைப் பாருங்கள். கிரேட்ஃபுல் டெட் 1984-இல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. பகிரலாம், விற்கக் கூடாது என்பதே விதி. பேர்ல் ஜாம் 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணக் கச்சேரிகளைத் தானே ஆல்பங்களாக வெளியிட்டது, மொத்தம் 72. அப்படி பேண்டே விற்கும் இரவின் பதிவை நீங்கள் இலவசமாகப் போட்டால் நீக்கச் சொல்வார்கள். காசுக்கு விற்பது எந்தப் பேண்டிடமும் எடுபடாது.

கேள்வி: பழைய ஆட்களில் ஒருவர்தான் மிச்சம். அது இன்னும் அதே பேண்டா?

பதில்: டீப் பர்ப்பிளில் உறுப்பினர்கள் மாறி மாறி அமைந்த எல்லா அணிகளிலும் இருந்தவர் ட்ரம்மர் இயன் பெய்ஸ் ஒருவர்தான். அதை வேறு பேண்ட் என்று எவரும் சொல்வதில்லை. ட்ரம்மருக்குப் பதில் பழைய பாடகர் ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தால் சிலர் இதை இன்னும் சுலபமாக ஒப்புக்கொள்வார்கள், அது நியாயமில்லை. டிக்கெட் வாங்குமுன் இப்போதைய உறுப்பினர்கள் யார் என்பதையும், அந்த மாதமே வாசித்த ஒரு கச்சேரியின் பாடல் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். பாடகருக்காக ஒரு முழுச் சுருதி இறக்கியிருப்பார்கள். கிட்டார் கனத்துக் கேட்டால் அதுதான் காரணம், ஒலியமைப்பைத் திட்டாதீர்கள்.

கேள்வி: மொத்தம் 140 கச்சேரிகள் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டியல் போட வேண்டும். என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: தேதி, ஊர், அரங்கு, முன்னால் வாசித்த பேண்ட், நீங்கள் நின்ற இடம், பாடல் வரிசை. ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததில் கலந்தால் நடுவே அம்புக்குறி. யாருக்குப் பதில் யார் வாசித்தார் என்பது. பிறகு, எல்லாரும் மறக்கும் ஒரு பத்தி: 'எப்படித் தெரியும்?' அதில் டிக்கெட், கேசட், நாட்குறிப்பு, செய்தித்தாள், நண்பர் சொன்னது, நினைவு என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். 140-க்கும் நிரப்பிப் பாருங்கள், ஏழெட்டுக் கச்சேரிகளாவது நீங்கள் போகாதவை என்றோ, ஒன்றே இரண்டாக எண்ணப்பட்டது என்றோ தெரியவரலாம். நினைவிலிருந்து மட்டும் வருவதைப் பென்சிலால் எழுதுங்கள். டிக்கெட் கிடைக்கும் அன்று அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.